யார் யாரைத் தேடுவது

என் அக்காள் வீட்டுக்காரர் சவரியப்பன் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கதவுகளைப் பார்ப்பார். அடுத்து தலைகளை எண்ணுவார். கல்யாண வீடு, துக்க வீடு, டவுன் பஸ், எதையும் விட்டுவைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும், உள்ளே நூற்று எண்பத்தேழு பேர், மூன்று கதவில் ஒன்று பூட்டியிருந்தது என்று எங்களிடம் ஒப்பிப்பார். பிரசங்கத்தில் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால் முழிப்பார். இந்த மனிதரோடு கோயிலுக்குப் போவதே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் தேவமணி. ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் எனக்கு ஒத்துவராது என்று முடிவு பண்ணிவிட்டதால் சனி, ஞாயிறுகளில் விஸ்வநத்தத்தில் அக்காள் ஆரோக்கியத்தின் வீடுதான் எனக்குப் போக்கிடம். அத்தானுக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் என் வேலை. அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வரும். இங்கிலீஷ் என்றால் என்னைத்தான் தேடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பட்டாசு வேலை என்றால் வெளியூர்க்காரர்கள் ஏதோ பெரிய மில் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கரிசல் பொட்டலில் தள்ளித்தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூமில் பற்றினால் அடுத்த ரூமுக்குப் போகக்கூடாது என்று அந்த இடைவெளி. ஒவ்வொரு ரூமுக்கும் எதிரெதிராகக் கதவுகள், எல்லாமே வெளிப்பக்கமாகத் திறப்பவை. உள்ளே ஆள் இருக்கும்போது எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடக்கூடாது. செருப்பு வெளியே கிடக்கும். வெடிமருந்து ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. அந்த நாலு என்ற எண்தான் அத்தானைக் கெடுத்தது.

ஐம்பத்து மூன்றாம் வருசம் பங்குனி மாசம், வெயில் ஏறிய முற்பகல் நேரம், மருந்து செலுத்தும் ரூம் ஒன்றில் தீப்பிடித்தது. அத்தான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நாலு பேரும் வெளியே விழுந்தடித்து வந்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினார். பதிவுப் புத்தகத்திலும் நாலுதான். தண்ணீர் வாளியோடு உள்ளே பாயப்போன சங்கிலிமுத்து என்கிற வேலையாளை அத்தான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். உள்ளே ஆள் இல்லாத ரூமுக்காக ஒருவன் சாகக்கூடாது, எரிந்து அடங்கட்டும் என்றார். சட்டப்படி அது சரிதான். இன்றைக்கும் எவரைக் கேட்டாலும் சரியென்றுதான் சொல்வார்கள்.

ஆனால் உள்ளே ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். பஞ்சம்மாள், பக்கத்து ரூம் பெண். சல்லடை இரவல் வாங்க அந்த நிமிஷம்தான் உள்ளே போயிருக்கிறாள். அவளுடைய தங்கச்சி செல்லத்தாய் ஓடிவந்து அக்காளைப் பார்த்தீர்களா என்று அத்தானைத்தான் கேட்டிருக்கிறாள். இவரும், எண்ணி முடித்த தைரியத்தில், எங்காவது நிற்பாள் போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறார்.

பஞ்சம்மாள் உள்ளேயே செத்துப்போன பிறகு செல்லத்தாய் அவரோடு பேசவில்லை. வேலையை விடவும் இல்லை, வேறு வழி இல்லாதவள். அதே கம்பெனியில் தினமும் அவர் முன்னால் வந்து உட்கார்ந்து வெடிச் சரம் பின்னினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கும் பாலம்மாளிடம் சொல்லுவாள். பாலம்மாள் அவரிடம் சொல்லுவாள். இரண்டடி தூரத்தில் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்புறம்தான் அத்தானுக்கு இந்த எண்ணும் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு சிலேட்டு தொங்கவிட்டார். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுப் போனால்கூட, சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். வெளியே வரும்போது ஒரு கோட்டை அழிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களும் கோடு போடலாம் அல்லவா. மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு மெச்சினார்கள். அக்காள் மட்டும் மெச்சவில்லை. ராத்திரி தூக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிவிட்டு, ஐந்து என்று சொல்லாமல் எழுந்து உட்காரும் புருசனோடு குடித்தனம் பண்ணியவள் அவள்.

அறுபத்தோராம் வருசம் ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்பிராயீம் வந்தார்.

கேரளத்துக் கடற்கரையில் காயலோரம் ஒரு சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். விஷுவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பட்டாசு விற்பார். ஆர்டர் கொடுக்க சிவகாசிக்கு வந்தவரை முதலாளி, கம்பெனியைச் சுற்றிக் காட்டச் சொல்லி அத்தானிடம் அனுப்பினார். ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அவர் யூதர் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் ஏற்பட்ட பரபரப்பைச் சொல்லி முடியாது. வேதத்தில் ஒரு பக்கம்கூடத் தவறாமல் வருகிற ஜாதி. ஆனால் கண்ணால் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. அத்தான் இளவட்டமாக இருந்தபோது ஊரில் நடந்த பாஸ்கு நாடகத்தில், ஒட்டுத்தாடியோடு யூதக் கூட்டத்தில் நின்று சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தியவர். அவ்வளவுதான் எங்களுக்கு யூதரைப் பற்றித் தெரிந்தது. இப்போது வாசலில் வந்து நின்றவரோ வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. மளிகைக்கடைக்காரர் போலவே இருந்தார். மளிகைக்கடைக்காரர்தானே.

அக்காள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவர் கையைக் கூப்பி, தங்கள் முறைப்படி அறுத்ததை, தங்கள் பாத்திரத்தில் சமைத்ததை மட்டும்தான் சாப்பிடலாம் என்று சொல்லி, வாழைப்பழமும் பொரிகடலையும் போதும் என்றார். அக்காளுக்கு முகம் சுண்டிவிட்டது. ‘அந்தக் கோழி என்ன பாவம் பண்ணுச்சு’ என்று அடுப்படியில் என்னிடம் கேட்டாள். நான் வேதத்திலிருந்து இரண்டு அதிகாரத்தை எடுத்துவிட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு சீப்புப் பழம் எடுத்துப்போய் வைத்தாள்.

கம்பெனியில் எப்பிராயீம் பட்டாசையே பார்க்கவில்லையாம். கதவுகளைப் பார்த்தாராம். ஏன் வெளிப்பக்கம் திறக்கிறது, ஏன் தாழ்ப்பாள் இல்லை, அந்தச் சிலேட்டில் என்ன கோடு என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். பட்டாசு வாங்க வருகிறவர்கள் எல்லாம் சத்தம் எம்புட்டு, வெளிச்சம் எம்புட்டு என்றுதான் கேட்பார்கள். கதவைக் கேட்ட முதல் வியாபாரி இவர்தான். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் விசயத்துக்கு வந்தார். மலையாளம் கலந்த தமிழ், ஆனாலும் புரிந்தது. அவர்கள் ஊரில் யூதர் குடும்பங்கள் நாற்பதுக்கு மேல் இருந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் ஐந்தாறு வருசத்துக்கு முன் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். மிச்சம் பதினோரு வீடு. தெருக் கோடியில் அவர்களுடைய கோயில் இருக்கிறது. அதன் இடத்தின் மேல் யாருக்கோ கண். விற்றுவிட்டுப் போங்கள் என்று பெயரில்லாத கடுதாசி இரண்டு முறை வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறவர்கள், யாரையும் சந்தேகப்பட முடியவில்லை. போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம், எல்லாரும் உள்ளே ஜெபத்தில் இருக்கும்போது, யாரோ எரிகிற தென்னை ஓலைப் பந்தத்தை, அங்கே சூட்டு என்பார்களாம், வாசல் கதவின் மேல் வீசிவிட்டுப் போய்விட்டார்கள். கதவு கருகியதோடு போனது. அதிலிருந்து ஜெபம் தொடங்கினதும் உள்ளே குறுக்குக் கட்டை போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

தை மாசம் அவர் மகளுக்குக் கல்யாணம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். கோயிலில் வைப்பதா, பயந்துகொண்டு வேறு எங்காவது வைப்பதா? கோயிலில் வைக்காவிட்டால் அப்புறம் அந்தக் கோயிலில் யாரும் கல்யாணம் வைக்கப்போவதில்லை, இருக்கிற பதினோரு வீடும் கிளம்பிவிடும் என்றார். அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அத்தான் ராக்கெட் லேபிள் ஒன்றைத் திருப்பிப்போட்டு, பென்சிலை அவர் கையில் கொடுத்து, கோயிலை வரையச் சொன்னார். மதில், வாசல் கேட், முற்றம், முன்கதவு ஒன்று, உள்ளே ஆண்கள், மாடியில் பெண்கள், மாடிக்கு ஒரே ஒரு மரப்படி, பின்னால் எண்ணெயும் ஓலையும் போட்டுவைக்கும் சாய்ப்பு. வரைந்து முடிப்பதற்குள் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்பக்கம் திறக்கிற கதவு, அதற்கும் கட்டை, பெண்கள் இறங்க ஒற்றைப் படி, பின்னால் எண்ணெயும் ஓலையும் ஒன்றாக.

‘வெளிய இருந்து வாறவனுக்குப் பயந்து உள்ள இருக்கிறவுகள அடைச்சு வச்சிருக்கீக முதலாளி’ என்றார். ‘அவன் தீ வைக்கவே வேண்டாம். புகை போதும்.’

பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஜெபத்தின்போது உள்ளே எத்தனை பேர்?

எப்பிராயீம் நெளிந்தார். ஆட்களை நாங்கள் எண்ணுவதில்லை என்றார்.

அத்தானுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எட்டு வருசமாக எண்ணுவதையே ஜெபமாக வைத்திருந்தவரிடம் எண்ணக்கூடாது என்றால் எப்படி இருக்கும்? எண்ணாமல் எப்படி முடியும், உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் வெளியே எத்தனை பேர் வர வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று படபடத்தார். சரி, எண்ண வேண்டாம், வாசலில் சிலேட்டு மாட்டுங்கள், வருகிறவர் கோடு போடட்டும் என்றார். எப்பிராயீம் இன்னும் சங்கடப்பட்டார். வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி சாயங்காலம் வரை ஓய்வுநாள். அதில் எழுதுவது வேலை. ஒரு கோடு போட்டாலும் எழுத்துதான். அழிப்பதும் வேலைதான். அவர்கள் கூடுவதோ பெரும்பாலும் அந்த நாளில்தான்.

அத்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலதிகாரிகள் மெச்சின சிலேட்டு, போடவும் கூடாது, அழிக்கவும் கூடாது என்று ஒரே பேச்சில் அடிபட்டுப்போனது.

எண்ணாவிட்டால் ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் சேர்ந்துவிட்டார்களா என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். பத்துப் பேர் வேண்டும் என்று சற்றுமுன்தான் அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அவர் முகம் மலர்ந்தது. வேதத்துச் சங்கீதத்தில் பத்துச் சொல் உள்ள வசனம் ஒன்று உண்டு, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவோம், வசனம் முடிந்தால் பத்துப் பேர் என்றார். எழுந்து நின்று எங்கள் மூன்று பேரையும், சுவரில் இருந்த மாதா படத்தை விட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கை காட்டிச் சொல்லியும் காட்டினார். அக்காள் பங்குக்கு மூன்றாம் சொல் வந்தது. அவளுக்கு ரொம்பச் சந்தோசம்.

ஏன் எண்ணக்கூடாது என்று அத்தான் விடாமல் கேட்டார். தாவீது ராஜா ஜனங்களை எண்ணச் சொன்னதையும், அதனால் கொள்ளைநோய் வந்ததையும் எப்பிராயீம் சொன்னார். அந்தக் கதை எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறேன். எழுபதாயிரம் பேர் செத்தார்கள் என்று எடுத்துக்கொடுத்தேன். அது ஏதோ பழைய கதை என்று அத்தான் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ லேபிளில் வரைந்த கோயிலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘நானும் எண்ணினேன் முதலாளி’ என்றார் கடைசியில். ‘நாலுன்னு எண்ணி முடிச்சிட்டேன். முடிச்சதாலதான் அஞ்சாவது ஆளத் தேடாம விட்டேன்.’

சல்லடை இரவல் வாங்கப் போனவளின் கதையை அவர் வாயால் நான் முதல்முறை கேட்டது அன்றைக்குத்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காள் சொன்னது. எப்பிராயீம் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘அவள் பேர் என்ன?’

அத்தான் பென்சிலை எடுத்து மறுபடி கீழே வைத்தார். பஞ்சம்மாள் என்று அக்காள் சொன்னாள். எப்பிராயீம் அந்தப் பெயரைத் தன் வாயால் மெதுவாக ஒருமுறை சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருசத்தில் எத்தனை அதிகாரிகள் வந்து எத்தனை பேர் என்று கேட்டிருப்பார்கள். யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தீபாவளி லோடு எல்லாம் போய், சீசன் முடிந்து, கம்பெனி கொஞ்சம் மூச்சுவிட்ட கார்த்திகை மாசம் அத்தான் சிவகாசியில் கொல்லம் ரயில் ஏறினார். அக்காளுக்கு அவரை அனுப்ப மனமில்லை. தீ வைக்கிறவன் இருக்கிற ஊருக்கு எதற்குப் போகிறீர்கள் என்றாள். அதோடு, பெரிய வெள்ளிக்கிழமை ஜெபத்தில் கேட்டுக் கேட்டு ஊறினது மனசுக்குள் கிடந்தது போல, நம் ஆண்டவரைச் சிலுவையில் போட்டவர்களுக்கு நீங்கள் ஏன் காவல் என்றும் கேட்டுவிட்டாள். அத்தான் சண்டை போடவில்லை. ‘ஏட்டி, கத்தினது நான்தான்டி. தாடி ஒட்டிக்கிட்டு. அந்த மனுசன் மக கல்யாணத்துக்குப் பயந்துக்கிட்டு கெடக்காரு’ என்றார். அக்காள் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

ஐந்தாறு நாள் கழித்து வந்தவரிடம் நான் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தேன். அவரும் வாய் ஓயாமல் சொன்னார். அங்கே கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் போகிறார்கள், நம் மருந்து ரூம் மாதிரி. கூரையெல்லாம் கண்ணாடி விளக்குகள், தேங்காய் எண்ணெயில் எரிகின்றன. சாமி படம், சுரூபம் ஒன்றும் இல்லை. ஒரு பீரோவுக்குள் சுருட்டி வைத்த வேதச் சுருள்கள், தலையில் வெள்ளிக் கிரீடத்தோடு. தீப்பிடித்தால் முதலில் எதை எடுப்பீர்கள் என்று இவர் கேட்டாராம். சுருளை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்களாம். முதலில் ஆளை எடுங்கள், பிறகு சுருளை எடுங்கள் என்று இவர் சொல்ல, அங்கிருந்த ஒரு கிழவர், எங்கள் வேதமும் அதைத்தான் சொல்கிறது, எங்களுக்குத்தான் அவசரத்தில் மறந்துபோகிறது என்றாராம்.

செய்த ஏற்பாடுகளை நான் ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. காவல் மதில் கேட்டில் இருக்க வேண்டும், கோயில் கதவில் இருக்கக்கூடாது. கேட்டில் இரண்டு பேர், ஒருவர் அவர்கள் ஆள், ஒருவர் தெருக்காரர். தெரியாத முகம் வந்தால் முதலில் வணக்கம் சொல்லிப் பெயரைக் கேட்க வேண்டும். நல்லவன் பதில் சொல்லுவான், மற்றவன் திரும்பிவிடுவான். கதவின் கீல்களை மாற்றி வெளிப்பக்கம் திறக்கவைத்துக் குறுக்குக் கட்டையை எடுத்துவிட்டார். மாடிக்குப் பின்பக்கம் இன்னொரு படி. ஓலையைச் சுத்தமாக அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார். எண்ணெயை மட்டும் கல்யாணம் முடிந்ததும் வேறு இடத்துக்கு மாற்றுவதாக அவர்கள் தவணை கேட்டார்கள், வேறு இடம் அப்போது இல்லை. கேட்டில் ஒரு மணி. அது அடித்தால் தெருவில் இருக்கிற எல்லா ஜாதிக்காரரும் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இவரே வீடு வீடாகப் போய்க் கேட்டாராம், அதுவும் தமிழில்.

எண்ணுவதற்கு என்ன பண்ணினீர்கள் என்று கேட்டேன். அதுதான் எனக்கு முக்கியம்.

எண்ணவில்லை என்றார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆளைக் கொடுத்துவிட்டாராம். ‘முற்றத்துக்கு வந்ததும் நீங்க ஒங்க ஆளத் தேடுங்க, அம்புட்டுதான். ஊரையே எண்ண வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். சலோமி யாரைத் தேடுவாள், ரூபனை. ரூபன் யாரைத் தேடுவான், அவன் சித்தப்பாவை. இப்படியே சுற்றி வந்து முடிகிறது. வெளியூர் விருந்தாளிக்கு அவர் தங்கும் வீட்டுக்காரர். எழுத வேண்டியதில்லை, அழிக்க வேண்டியதில்லை, தாவீது ராஜாவுக்கும் கோபம் வராது. எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு இவர் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார்?

கார்த்தியாயனி என்று சொன்னார்களாம். தெருவில் இருக்கும் இந்துப் பெண்பிள்ளை, இருபது வருசமாக விளக்கையும் எண்ணெயையும் பார்த்துக்கொள்கிறவள். ஜெபத்துக்கு வந்தவள் இல்லை, அதனால் யார் ஆளாகவும் இல்லை. பத்துச் சொல் வசனத்திலும் அவளுக்குச் சொல் இல்லை. அவளை யார் தேடுவீர்கள் என்று அத்தான் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். எப்பிராயீம்தான் எழுந்து, அவளை நான் தேடுவேன் என்றாராம்.

தை மாசக் கடைசியில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தை நான் வந்து பிரிக்கும்வரை, சனிக்கிழமை காலைவரை, அத்தான் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்குக் கிளம்பும் நேரம், நின்றபடியே படிக்கச் சொன்னார்.

கல்யாணம் கோயிலிலேயே நன்றாக நடந்தது என்று எழுதியிருந்தார் எப்பிராயீம். அந்த வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், விருந்தாளிகள் எல்லாம் உள்ளே இருக்கும்போது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எரிகிற சூட்டு ஒன்று வந்து பின்பக்கச் சாய்ப்பின் கூரையில் விழுந்திருக்கிறது. கேட்டில் இருந்தவர்கள் மணி அடித்தார்கள். கதவைத் தள்ளினதும் திறந்தது. பெண்கள் இரண்டு படியிலும் இறங்கினார்கள். தெருக்காரர்கள் குடமும் வாளியுமாக ஓடிவந்தார்கள். முற்றத்தில் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே சத்தம். எல்லாருக்கும் அவரவர் ஆள் கிடைத்துவிட்டது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் அத்தான் என் கையிலிருந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டார், ஏதோ நான் படிக்காமல் விட்டுவிடுவேன் என்பது போல.

அவர் கார்த்தியாயனி, கார்த்தியாயனி என்று கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடியிருக்கிறார். எண்ணெய் டின்களைக் காப்பாற்றுவதற்காக அவள் சாய்ப்புக்குள் போயிருக்கிறாள். புகையில் வழி தெரியாமல், அவர் குரல் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கையில் ஒரு சுட்ட காயம், இருமல், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கூரை உள்ளே விழுந்துவிட்டது. செய்தது யார் என்று போலீசுக்கும் தெரியவில்லை. ஆனால் கிளம்பலாமா என்று இருந்த பதினோரு வீடும் இப்போதைக்குக் கிளம்பவில்லை. கடைசியில் ஒரு வரி: கதவுகளால் மற்றவர்கள் எல்லாரும் பிழைத்தோம், கார்த்தியாயனி பிழைத்தது பஞ்சம்மாளால் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வரியை மட்டும் அத்தான் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்காள் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் முகத்தைக் கழுவிவிட்டு, நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார்.

பெரிய வேப்பமரத்தடியில் எல்லாரையும் கூட்டினார். சிலேட்டு இருக்கட்டும், கோடும் போடுங்கள், ஆனால் அது போதாது என்றார். தப்பு நடந்தால் வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு ஆளைத் தேட வேண்டும், யாரை என்று இப்போதே சொல்லுங்கள், டீச்சர் எழுதுவாள் என்றார். முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். சங்கிலிமுத்து, பெத்தணனை. பெத்தணன், டீக்கடையிலிருந்து தூக்குவாளியோடு வரும் சங்கையாவை. பாலம்மாள், தன்னோடு நாள்பூராவும் சண்டை போடும் மாரியை. மாரி, பாலம்மாளை விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று சிரித்தாள், ஆனால் வேறு பெயர் சொன்னாள். செல்லத்தாய், பாலம்மாளைத் தேடுவதாக என்னிடம் சொன்னாள். அத்தான் பக்கம் பார்க்கவில்லை.

எல்லாப் பெயரும் எழுதி முடிந்தது. நான் நோட்டை மூடினேன்.

‘டீச்சர், ஒரு பேரு விட்டுப்போச்சே’ என்றாள் செல்லத்தாய்.

யார் என்று கேட்டேன். அவள் சரத்தின் நூலைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். எல்லாருக்கும் ஆள் கொடுத்தவரை யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு டீச்சர், எனக்கே தோன்றவில்லை. பாலம்மாள் வழக்கம்போல நடுவில் வந்து, என்னிடம் சொல்லு, நான் சொல்லுகிறேன் என்றாள். செல்லத்தாய் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

‘ஒங்கள யாரு தேடுவாக?’ என்று அத்தானையே நேராகப் பார்த்துக் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் அவளே சொன்னாள்: ‘நீங்க எங்கன நின்னாலும் நான் தேடுதேன். டீச்சர், எம்பேர எழுதுங்க.’

அந்த ஒரு வரி மட்டும் நோட்டில் கோணலாக இருக்கிறது. அத்தான் தலையைக் குனிந்தபடியே நின்றார். அன்றைக்கு அந்த வேப்பமரத்தடியில் நாங்கள் எத்தனை பேர் இருந்தோம் என்று பிற்பாடு நான் கேட்டேன். தெரியவில்லை, எண்ணவில்லை என்றார்.